தங்கைக்குக் கொடுக்கவிருந்த வண்டி

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து நேராக வைட்ஃபீல்ட். ஜோவிதா வீட்டில் தேங்காய்ச் சோறும் உருண்டைக் குழம்பும். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சொல்லவில்லை. தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் குறையும் சொல்கிறாள் என்று வந்துவிடும்.

கை கழுவும்போது டிரேவர் வந்து பக்கத்தில் நின்றார். ஜோவிதாவின் வீட்டுக்காரர் என்னோடு தனியாகப் பேசுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிசயம். என் எஸ்யூவியை அவர் எடுத்துக்கொள்கிறாராம், அவருடைய பிக்கப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நேருக்கு நேர் மாற்று, யாரும் யாருக்கும் மேலே எதுவும் தர வேண்டாம். "உங்க வேலைக்கு பிக்கப்தானேக்கா சரி" என்றார்.

என் வேலைமேல் இவருக்கு எப்போதிலிருந்து அக்கறை? பதினாறு வருஷமாக சர்ச் கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறேன். ஒரு நாள் ஒரு ஆர்ச்சைத் தூக்கக் கை கொடுத்ததில்லை. அந்த பிக்கப்பை வாங்கி முழுதாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிறு தவறாமல் ஷாம்பு போட்டுக் கழுவுவார். டீனா ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். பெற்ற பெண்ணுக்கே அந்தச் சட்டம். அதைத் தூக்கி எனக்குக் கொடுக்கிறாராம்.

ஏதோ இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஜோவிதா தலை நிமிராமல் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூலை 7

பிக்கப்பில் என்ன கோளாறு? கோளாறு இல்லாமல் யார் கொடுப்பார்கள்?

ஜூலை 9, புதன்

இன்று ஒரே ஒரு ரிசப்ஷனுக்கு மூன்று நடை. பின் சீட்டை மடக்கி, ஆர்ச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி, மேலே ஜெர்பரா பக்கெட், அதன்மேல் துணி. என்னோடு வேலை செய்கிற சௌம்யா மடியில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு ஒக்கலிபுரத்திலிருந்து காக்ஸ் டவுன் வரை நனைந்துகொண்டே வந்தாள். நம்மிடம் இருப்பது பூக்காரர் வண்டியா, மாப்பிள்ளை வண்டியா என்று கன்னடத்தில் கேட்டாள். வாய் அதிகம். ஆனால் கேட்டது சரி. எனக்கு வேண்டியது பிக்கப்தான். இந்த எஸ்யூவியை நான் வேலைக்காகவா வாங்கினேன்? சர்ச் வாசலில் நாலு பேர் பார்க்க வாங்கினேன்.

சரி. இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

மே மாதம் பெய்த மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டியை இறக்கினேன். முன்னால் இரண்டு ஆட்டோக்காரர்கள் கையைக் காட்டிப் போகாதே, தண்ணீர் நிறைய இருக்கிறது என்றார்கள். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர்கள் முந்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்! இறங்கிப் பாதியில் வண்டி நின்றது. தண்ணீர் சீட்டுக்கு மேல் வந்தது. அதே ஆட்டோக்காரர்கள்தான் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

கம்பெனி சர்வீஸுக்கு விட்டால் வண்டியின் பதிவில் ஏறிவிடும். அதனால் சிவாஜிநகர் மெக்கானிக் சமீயுல்லா பாயிடம் விட்டேன். ஜோவிதாவிடம் பிரேக் வேலை என்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது? அக்கா யார் பேச்சையும் நம்பமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறவள் அவள்.

பாய் சீட்டெல்லாம் கழற்றிக் காயவைத்து, பார்ட்ஸ் மாற்றி, ஓட்டிக் காட்டினார். வயரிங்குக்குள் போன தண்ணீருக்கு மட்டும் யாரும் கேரண்டி தர முடியாது என்றார். அதன்பிறகு இரண்டு தடவை ஓடும்போதே அணைந்திருக்கிறது. ஒரு தடவை தெருவில். ஒரு தடவை மேம்பாலத்தில், ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போய், பின்னால் பஸ். இரண்டும் மழை நாள்.

கடைசியாக அணைந்தது ஜூன் பன்னிரண்டு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பிக்கப்பை ஓட்டிப் பார்த்தேன். நாலு கதவு, பின்னால் ஆறு ஆர்ச் அப்படியே நிற்கிற தொட்டி. வழுக்கிக்கொண்டு போகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

கதவு இடுக்கில் பெயின்ட் பார்த்தேன். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன். எது மோந்து பார்க்க வேண்டியது என்று எனக்குத் தெரியுமே. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தேன். டிரேவர் பொறுமையாக டார்ச் பிடித்தார். ஒரு மனிதர் இவ்வளவு பொறுமையாக இருந்தால் நான் எதை நம்புவது?

என் வண்டியைப் பார்க்க வேண்டாமா என்று நானே கேட்டேன். அவர் சிரித்து, அதெல்லாம் வேண்டாம்க்கா என்றார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. மூன்று வருஷ வண்டியைப் பார்க்காமல் வாங்குகிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை தன் வண்டியைத் தள்ளிவிடும் அவசரத்தில் இருக்க வேண்டும். டிரேவர் முட்டாள் இல்லை.

சாப்பிடும்போது ஜோவிதா, இனிமேல் டீனாவை ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விடுவேன் என்றாள். பிக்கப் அவளுக்குப் பெரிசாம், திருப்ப பயமாம். டிரேவருக்கு ஆபீஸ் பஸ் இருக்கிறது. ஆக, எஸ்யூவியை ஓட்டப்போவது ஜோவிதா.

இதை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 16, புதன்

பிக்கப்பை ஒரு நாள் இரவல் வாங்கி சிவாஜிநகர் கொண்டுபோனேன். சமீயுல்லா பாய் அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தார். எழுந்து கை துடைத்துக்கொண்டு, ஏக்தம் சுத்தமான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒன்றும் இல்லை.

போகும்போது கேட்டார்: "உங்க வண்டி விஷயம் அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?"

சொல்வேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். இல்லை, அவரும் நாளைக்கு டிரேவர் காதில் போட்டுவைப்பாரோ? இருவருக்கும் பழக்கம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். விசாரிக்க வேண்டும்.

ஜூலை 17

வண்டியில் இல்லையென்றால் ஆளிடம் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பிடித்துவிட்டேன்!

இன்று சொல்லாமல் சீக்கிரமே போனேன். பிக்கப் அவர்கள் அபார்ட்மென்டுக்குள் இல்லை. ஜோவிதாவின் பார்க்கிங் காலி. வண்டி வெளியே, இரண்டு தெரு தள்ளி, காலி மனைப் பக்கம் மரத்தடியில் நிற்கிறது. மேலெல்லாம் காக்கை எச்சம். ஷாம்பு போட்டுக் கழுவின வண்டி!

ஏன் ஒளித்து நிறுத்த வேண்டும்? லோன் கட்டாமல் பேங்க்காரன் தேடுகிறானா? எங்கேயாவது இடித்துவிட்டுப் போலீஸுக்கு பயந்தா? அதை என் தலையில் கட்டிவிட்டு, நாளைக்கு ஸ்டேஷனில் நான் நிற்க, இவர் என் எஸ்யூவியில் ஜம்மென்று போவாரா?

சாப்பாட்டில் கேட்கவில்லை. வண்டி எங்கே என்று பொதுவாகக் கேட்டேன். சர்வீஸ் என்றார் டிரேவர். கண்ணைப் பார்க்கவில்லை. வாய் கூசாமல் பொய்.

என்னவோ, எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பூ சாம்பிள் கொடுக்கிற சாக்கில் வைட்ஃபீல்ட் போய் கேட்டில் செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் மழுப்பினான். பக்கத்தில் நடைபயிற்சி போய்க்கொண்டிருந்த சீனிவாசராகவன் சார் தானாக வந்தார். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர், அங்கே ஆறாவது மாடி. நான் யாருடைய அக்கா என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு டிரேவர்தான் செக்ரடரி. காய்கறி டெம்போக்களும் கேட்டரிங் வண்டிகளும் ராத்திரி உள்ளே நிற்கின்றன என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவரே ஒரு விதி எழுதியிருக்கிறார். யாரும் சந்து பொந்தில் தப்பிக்கக் கூடாது என்று ரொம்ப ஜாக்கிரதையாக, பின்னால் திறந்த தொட்டி உள்ள எந்த வண்டியும் உள்ளே நிற்கக் கூடாது என்று எழுதிவைத்தார். பிறகு ஆசைப்பட்டு இந்த பிக்கப்பை வாங்கினார். பல மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம், பால்கனியில் துணி காயப்போட்டதற்கு சீனிவாசராகவன் சாருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. அவர் எழுதின ரூலை மீட்டிங்ல அவருக்கே வாசிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்" என்றார் சார். நாற்பது வருஷ ஃபைல் பழக்கம் அந்தக் குரலில் தெரிந்தது.

அவ்வளவுதான். பேங்க் இல்லை, போலீஸ் இல்லை. ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் அசடு வழிந்ததை மனைவியின் அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. அவர் ஒரு திருடனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். இப்போது கணக்கில் ஒரே ஒரு கோளாறு வண்டிதான் மிச்சம். அது என் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஜூலை 24, வியாழன்

பாவசங்கீர்த்தனம் போனேன். தங்கை வீட்டுக்காரர்மேல் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று ஃபாதர் கேட்டார். இல்லை ஃபாதர் என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். மூன்றும் சொன்னேன், ஒன்றுகூட ஒட்டவில்லை.

ஜூலை 26, சனி

பேப்பர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாமே என்றார் டிரேவர். யோசனை அவருடையது, நான் சொல்லவில்லை. நல்லதுதான், கோளாறு இருந்தால் இந்த ஒரு வாரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டாம் - இப்படி ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. எழுதும்போதுதான் அதன் அசிங்கம் தெரிகிறது. எப்படித் தெரியும்? ஓடும்போது அணைந்துதானே தெரியும்?

சாவியைக் கொடுத்தேன். வாங்கினது ஜோவிதா.

ஜூலை 28, திங்கள்

ஆறு ஆர்ச், பன்னிரண்டு பக்கெட், சௌம்யா, நான். ஒரே நடை. சௌம்யா முன் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ராணி மாதிரி வந்தாள். பதினாறு வருஷம் இதில்லாமல் எப்படி ஓட்டினேன்?

வெயில் நன்றாக அடிக்கிறது. மழையே இல்லை. அடிக்கடி வானத்தைப் பார்க்கிறேன்.

ஜூலை 29

வண்டி எப்படி இருக்கிறது என்று ஜோவிதாவுக்கு மெசேஜ் போட்டேன். சூப்பர் அக்கா என்று பதில். டீனா பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு பல் இளிக்கிற போட்டோவும்.

ஜூலை 30, புதன்



மூன்று மணிக்கு மழை பிடித்தது. நான் சிவாஜிநகரில் ரிப்பன் வாங்கிக்கொண்டிருந்தேன். டீனாவுக்கு ஸ்கூல் விடுவது மூன்றரை. ஜோவிதாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. கடைக்காரர் மீதியை நீட்டுகிறார், நான் வாங்காமல் நிற்கிறேன். ஆறு தடவை போட்டேன். மேம்பாலம், பின்னால் பஸ், அது மட்டும்தான் கண்முன்னால். எடுடி. எடுத்துத் தொலையேன்டி.

டிரேவருக்குப் போட்டிருக்கலாம். போட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும், அந்த நிமிஷத்திலும், அதை யோசித்தேன். கடவுளே, நான் என்ன ஜென்மம்.

பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழையில் வைட்ஃபீல்ட் போய்ச் சேர இரண்டே கால் மணி நேரம். வழியில் ஓரமாக நின்ற ஒவ்வொரு வெள்ளை எஸ்யூவியையும் எட்டிப் பார்த்தேன். அவர்கள் கேட்டுக்குள் நுழைந்தால் என் வண்டி அழகாக அதன் இடத்தில் நிற்கிறது. மேலே போனால் ஜோவிதா வெங்காயம் நறுக்குகிறாள். டீனாவின் டீச்சரைப் பார்க்கப் போனவள் போனை சைலண்டில் போட்டு மறந்திருக்கிறாள்.

ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். பாலத்தடி, தண்ணீர், சமீயுல்லா பாய், ஓடும்போது அணைந்தது, ஸ்டியரிங், எல்லாம்.

ஜோவிதாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கு எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டாள். அப்புறம் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளா டீனாவ இதுலதான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அவர் வண்டிய நீ எத்தன தடவ பாத்த. உன் வண்டிய நாங்க ஒரு தடவகூட பாக்கல. அக்கா வண்டில போய் என்ன பாக்கறதுன்னு சொன்னது அவர்தான்."

சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள். டிரேவர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவளே அவரிடம் சொன்னாள். அவர் பிக்கப் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். என் சாவியை எடுக்கப் போனேன். இந்த மழையில் அதை ஓட்டாதீர்கள், கேப் புக் பண்ணுகிறேன், வண்டியை நாளைக்குக் கட்டி இழுத்துவரச் சொல்லலாம் என்றார். கேப் வரும்வரை கீழே என்னோடு நின்றார், குடை பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாப்பாட்டுக்கு வா என்று யாரும் சொல்லவில்லை. முட்டை பொரித்துத் தின்றேன்.

ஆகஸ்ட் 19

ஜோவிதாவுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதி, அழித்து, "சாரி" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். சிவாஜிநகரில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் ஜோவிதாவைப் பார்த்தேன், மாதாவுக்கு வேண்டிக் கட்டிய காவிப் புடவையில், டீனா கையைப் பிடித்துக்கொண்டு. அவளும் பார்த்தாள். கை காட்டினாள். தேர் நடுவில் வந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

எஸ்யூவி போய்விட்டது. சமீயுல்லா பாய் மூலமாக ஸ்பேர் பார்ட்ஸ்காரர் ஒருவர் பிரித்து விற்க எடுத்துக்கொண்டார். தண்ணீர் உள்ளே போன வண்டி என்று நான்தான் முதலில் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்னால். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இதைச் சொல்கிறவள் வேறு எதை மறைக்கிறாளோ என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

டிரேவரின் பிக்கப்பைக் கோலார் பக்கம் ஒரு தோட்டக்காரர் வாங்கிக்கொண்டாராம். ஜோவிதா போனில் சொன்னாள். நாலு நிமிஷம் பேசினோம். மழை, டீனாவின் இருமல், ஜெர்பரா விலை.

நவம்பர் 2, ஞாயிறு

நானும் ஒரு பிக்கப் வாங்கிவிட்டேன். மஞ்சள் போர்டு, சின்னது, முன்னால் டிரைவரோடு மூன்று பேர் உட்காரலாம். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பாவசங்கீர்த்தனமும் மறுபடி போனேன். இந்தத் தடவை வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

காலைப் பூசைக்கு ஜோவிதா குடும்பம் எங்கள் சர்ச்சுக்கே வந்திருந்தது. பீடத்துக்கு நான் செய்த அலங்காரம், வெள்ளை லில்லியும் சிவப்பு ஆந்தூரியமும். டிரேவர் நன்றாக இருக்கிறது என்றார். ஜோவிதா கட்டிப்பிடித்தாள். குல்குல் பலகார டப்பா ஒன்று கொடுத்தாள், போன வருஷத்தைவிடப் பெரிசு. சாப்பிட வீட்டுக்கு வா என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

டீனா என் பிக்கப்பைச் சுற்றி ஓடினாள். முன்னால் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தாள், ஷூவோடு. நான் பெரியம்மாவோடு போகிறேன் என்றாள். வரட்டுமே, நீயும் ஏறு, மூன்று பேர் உட்காரலாம் என்று ஜோவிதாவிடம் சொன்னேன். சமீயுல்லா பாய் முழுக்கப் பார்த்த வண்டி என்றேன். சர்வீஸ் பில் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஜோவிதா சிரித்துக்கொண்டேதான் டீனாவைக் கீழே இறக்கினாள். டாடி கேப் புக் பண்ணியிருக்கிறார், அதில் ஏசி இருக்கிறது, நீ டாடியோடு வா என்று ஃபிராக்கைச் சரிசெய்து அனுப்பினாள். டீனா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். கேப் கிளம்பி முனை திரும்பும்வரை ஜோவிதா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, போலாம்க்கா என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.